ஒருசந்தி நாளில் இரண்டு சாப்பாடு

சபைகூடலில் தலைமையாசிரியர் சில பெயர்களை வாசித்தார். எதற்கு என்று சொல்லவில்லை. மூன்றாவது பெயர் வந்ததுமே வரிசையில் நின்ற எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவன் முதுகில் தட்டி, "அடுத்து நீதான், தோங் கேஸ்" என்றான். அவன் சொன்னபடியே அடுத்த பெயர் என்னுடையது.

கூலிமில் நான் ஐந்தாம் ஆண்டு படித்த தமிழ்ப்பள்ளி அது. சமையல் எரிவாயு உருளைக்கு எங்கள் ஊரில் தோங் கேஸ் என்று பெயர். எனக்கும் அதே பெயர்தான். செலின் என்று வீட்டில் ஆசை ஆசையாக வைத்த பெயரைச் சொல்லி ஆசிரியர்கள் மட்டும் கூப்பிட்டார்கள், அதுவும் வருகை எடுக்கும்போது.

பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நூல்நிலையத்துக்குப் போனோம். எங்களில் ஒல்லி என்று யாரும் இல்லை. பினாங்குப் பக்கமிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் மடிக்கணினிகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் ஏர்கோன் உண்டு. பழைய காகித வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் குளிரோடு சேர்ந்து மூக்கில் ஏறின.

முக்காடு போட்ட ஓர் அக்கா என்னைத் தன் முன்னால் உட்கார வைத்து மலாயில் விளக்கினார். திரையில் பழம் வந்தால் பொத்தானைத் தட்ட வேண்டும், கேக் வந்தால் தட்டக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. பழம், பழம், பழம் என்று வந்துகொண்டே இருக்கும். கை அந்த வேகத்துக்குப் பழகிவிடும். திடீரென்று கேக் வரும்போது போகிற கையை நிறுத்த வேண்டும்.

நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த அக்கா நம்பாமல் இன்னொரு முறை செய்யச் சொன்னார். அப்போதும் கை நின்றது. "பண்டாய்லா ஆடிக்" என்றார். கெட்டிக்காரி தங்கச்சி என்று என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அபூர்வம், அதனால் இன்னும் நினைவிருக்கிறது.

பக்கத்தில் நின்றிருந்த எங்கள் வகுப்பாசிரியை, "இதுல இருக்குற கட்டுப்பாடு சாப்பாட்டுல இல்லையே, செலின்" என்று சொல்லிச் சிரித்தார். கெட்டவர் இல்லை அவர். எனக்கும் கோபம் வரவில்லை. அந்த வயதில் எனக்குக் கோபம் வராது, வெட்கம்தான் வரும்.

எதிரும் புதிருமான ஷிப்ட்

எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டைப் பற்றிப் போன வாரம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அந்த வீட்டுக்குள் நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று எழுத இப்போதுதான் மனம் வந்தது.

அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அம்மாவுக்கு வேறொன்றில் நைட் ஷிப்ட். இரண்டும் பன்னிரண்டு மணி நேரம். என்னைப் பார்த்துக்கொள்ள எப்போதும் யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டு வாங்கினார்கள். ஒருவர் போவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் நடுவில் விழும் இடைவெளிக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி இருந்தார். அம்மா ஏறிப் போகிற கம்பெனி பஸ்ஸும் அப்பா வருகிற பஸ்ஸும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போகும். என் பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்ததைவிட அந்த பஸ்கள் பார்த்துக்கொண்டது அதிகம்.

மத்தியானம் நான் பள்ளி விட்டு வரும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்து குளித்துச் சமைத்து, மாலை ஐந்து மணி வாக்கில் ஒரு பெரிய தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைவார். அவருக்கு ஒரு வாய், எனக்கு ஒரு உருண்டை. அதுதான் எங்கள் நேரம். பள்ளியில் நடந்தது, ஆன்டி வீட்டுப் பூனை குட்டி போட்டது, அம்மாவின் லைனில் மயங்கி விழுந்த நேப்பாளப் பையன், எல்லாம் அந்தத் தட்டைச் சுற்றித்தான் பேசுவோம். தட்டு காலியானதும் அம்மா எழுந்து யூனிஃபார்ம் மாட்டிவிடுவார். அதன் பிறகு அவர் என் அம்மா இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஓர் ஆள். அதனால் நான் மெதுவாக மென்றேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். சோறு இருக்கும்வரை அம்மா இருந்தார்.

எட்டு மணிக்கு அப்பா வருவார். கையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் இருக்கும், சில நாள் ரொட்டி சானாய். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "சாப்பிட்டியாம்மா?" என்பார். சாப்பிட்டேன் என்றால், சரி போய்ப் படி என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அப்படி ஒருநாள் நடந்தது. அந்த ஒருநாளே எனக்குப் போதும். மறுநாளிலிருந்து, "இன்னும் இல்லப்பா" என்றேன்.

அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அம்மா ஐந்து மணிக்குக் கொடுப்பது ஏதோ தேத்தண்ணியும் பலகாரமும் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அப்பா எட்டு மணிக்கு வந்து தனியாகச் சாப்பிட்டுக்கொள்வார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். இருவரும் பேசித் தெளிந்திருக்கலாம். பேசுவதற்கு அவர்கள் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வரும் நாளில்தான் நான் ஆகக் குறைவாகச் சாப்பிட்டேன். எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது எனக்குப் பசியே எடுக்காது. "பிள்ள ஏன் இன்னைக்குக் கொறிக்குது?" என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

கொழுகொழு

அம்மா பிறந்து வளர்ந்தது கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். எல்லாருக்கும் போட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவருக்கு. இதை அவர் சோகமாகச் சொன்னதே கிடையாது. "அப்ப எனக்கு இடுப்பே இருக்காதுடி, பாவாட நிக்காது" என்று கேலியாகத்தான் சொல்வார். ஆனால் என் தட்டில் அவர் சோறு வைக்கும் விதத்தில் அந்தச் சட்டி எனக்குத் தெரியும்.

நான் பிறந்தபோதே கனமாகப் பிறந்தேன். அம்மாவின் தோட்டத்தில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தபோது எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியில்தான் பல வருஷம் குளித்தேன். உடம்பைக் காட்டிப் பரிசு வாங்கியவளை அதே உடம்புக்காக நூல்நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சோதித்தால் எனக்கென்ன புரியும்?

கழுத்து அழுக்கு

பத்து வயதில் என் கழுத்தின் பின்பக்கம் கறுத்தது. மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி. அழுக்கு என்று அம்மா முடிவு செய்தார். கடலைமாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார். எரியும். தேய்க்கத் தேய்க்கச் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை. "ஒழுங்காக் குளிக்க மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பார். அந்த எரிச்சலிலும் அம்மாவின் இடது கை என் தலையைப் பிடித்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பள்ளியில் எடை பார்த்தவர்கள் சொல்லி, அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க" என்றார். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இப்படியே போனால் இந்த வயதிலேயே நோய் வந்துவிடும் என்றார். அம்மா தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்த கைகள்.

நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் என் கன்னத்தைத் தட்டி, "நீதான் வாயைக் கட்டணும். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் பாதியாக் குறைச்சிரு, போதும்" என்றார்.

குறைத்தார்கள். அம்மா ஐந்து மணித் தட்டைப் பாதியாக்கினார். அப்பா எட்டு மணிப் பொட்டலத்தைப் பாதியாக்கினார். பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்றாகிற கணக்கு என் ஒருத்திக்குத்தான் தெரியும். எடை இறங்கவில்லை. பிள்ளைக்குத் திருட்டுத் தீனி இருக்கிறது என்று அப்பா என் புத்தகப்பையைச் சோதித்தார். அதில் புத்தகம்தான் இருந்தது.

இப்போதெல்லாம் கைப்பேசியைத் திறந்தால் யாராவது பேசுகிறார்கள். குண்டான பிள்ளைகளுக்கு மூளையில் பிரேக் சரியாகப் பிடிக்காது, ஆசையை அடக்கும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு பிரேக் நன்றாகவே பிடித்தது. வயிறு முட்ட மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே, சாயங்காலம் அம்மாவோடு சாப்பிட்ட விஷயம் வாயிலிருந்து தவறி விழாமல் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவள் நான்.

ஒருசந்தி

நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பது தோட்டத்திலிருந்து வந்த பழக்கம். இறைச்சி கிடையாது, நாள் முழுக்க ஒரே ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. சிறு பிள்ளைகளுக்கு இது கட்டாயமில்லை. நான்தான் நானும் இருப்பேன் என்று அடம்பிடித்தேன். உடம்பு இளைத்தாலும் இளைக்கட்டும் என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

ஒருசந்தி இருப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. காலையில் பச்சைத் தண்ணீர். பள்ளி கேன்டீனில் நாசி லெமாக் வாசனை மூக்கைத் துளைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். அம்மாவின் ஒருவேளைச் சாப்பாடு ஐந்து மணிக்கு, பருப்பும் கீரையும். அதில் உட்கார்ந்தேன். அப்பாவின் ஒருவேளைச் சாப்பாடு எட்டு மணிக்கு. அதிலும் உட்கார்ந்தேன். ஒருசந்தி நாளிலும் எனக்கு இரண்டு சாப்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வளாகத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அதிசயமாக அப்பா அம்மா இருவருக்கும் விடுமுறை. எங்கள் மறைக்கல்வி ஆசிரியை ஸ்டெல்லா அக்கா வந்து என் தோளில் கை போட்டார்.

"லூர்து அக்கா, உங்க மக வெள்ளிக்கிழமையெல்லாம் ஒருசந்தி இருக்காளாமே. பெரியவங்களுக்கே முடியாதுலா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. என்னால் அம்மாவுக்கு வெளியில் பெருமை கிடைத்தது அதுதான் முதல் தடவை. "ஆமா ஸ்டெல்லா. நாள் பூரா ஒண்ணும் தொட மாட்டா. சாயங்காலம் நான் வேலைக்குப் போறப்ப என்கூட ஒரு வாய் சாப்பிடுவா, அவ்வளவுதான்."

அப்பா குவளையை வாயிலிருந்து எடுத்தார். "உன்கூடவா? என்கூடல்ல சாப்பிடுறா. முந்தாநாளு வெள்ளிக்கிழம கூட எட்டு மணிக்கு நானும் அவளும்தான் உக்காந்து சாப்பிட்டோம்."

ஸ்டெல்லா அக்கா சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். "ரெண்டு ஒருசந்தியா? கணக்குல சுட்டிதான் போ" என்று யாரோ சொன்னார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் விரிந்தது.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது அம்மா கேட்டார். "வெள்ளிக்கிழம மட்டுமா?"

"இல்ல."

"தெனமுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஏன்டி?"

சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் அம்மா வேலைக்குப் போவதைக் குறை சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். பதினோரு வயதில் அவ்வளவு யோசித்தேன். "வாயக் கட்டத் தெரியலன்னா என்னத்தப் பண்றது?" என்று அப்பா சொல்லிவிட்டு உள்ளே போனார். அதுவே பதிலாக நின்றுவிட்டது.

மூடி வைத்த சட்டி

அன்று மாலையே அம்மா முடிவு செய்தார். இனி அப்பாவோடு எட்டு மணிக்கு மட்டும் சாப்பாடு.

"பகல் பூரா நின்னு வேல செஞ்சிட்டு வர்றவரு தனியாச் சாப்பிட முடியுமா? நான்தான் அவசரத்துல அள்ளி அள்ளி வச்சிர்றேன். என்கூட வேணாம்." இதை அவர் அப்பாவிடம் சொன்னார். என்னிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா மத்தியானமே சமைத்து மூடி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவார். பஸ் வரும் நேரத்துக்குத்தான் எழுந்து வருவார். "வரட்டா" என்பார். சரிம்மா என்பேன். கேட் சத்தம் கேட்கும்.

ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. தூங்குபவரை எழுப்பக் கூடாது. காய்ச்சல் வந்தாலும், விழுந்து முட்டியில் ரத்தம் வந்தாலும், பக்கத்து வீட்டுக்குத்தான் ஓட வேண்டும். தூக்கம் கெட்டால் மெஷினில் கை போய்விடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதனால் நான் டிவியில் சத்தத்தை அடைத்துப் படத்தை மட்டும் பார்த்தேன். அறைக் கதவு ஒருக்களித்திருக்கும். அதற்கு முன்னால் போய் நிற்பேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும். திரும்பி வந்துவிடுவேன்.

உடம்பு இறங்கியது. ஒரு வருஷத்தில் கழுத்துக் கறுப்பும் வெளுத்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து பின்வாங்கியது. கிளினிக்கில் மிஸ்ஸி என்னை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டி, "பாத்தீங்களா, மனசு வச்சா முடியும்" என்றார். நல்லதுதான் நடந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து மணி எனக்குத் திரும்பி வரவில்லை. அம்மாவோடு அப்படி உட்கார்ந்து பேசும் வழக்கம் விட்டுப் போனது, போனதுதான். இடைநிலைப் பள்ளி வந்தது, கல்லூரி வந்தது, கல்யாணம் வந்தது. அம்மாவோடு எனக்குச் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது.

மெர்கோங்

கடைசியில் சர்க்கரை அம்மாவுக்கு வந்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டன. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். அம்மாவை மெர்கோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மற்றவர்கள் நோயாளியை இறக்கிவிட்டுப் போய், முடியும் நேரத்துக்கு வருவார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"உனக்கு வேற வேல இல்லையா? இங்க ஏன் உக்காந்து கெடக்குற?" என்று ஒருநாள் அம்மா கேட்டார். ரத்தம் குழாய் வழியே போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் சொன்னேன். வாசலில் வைத்து ஏன் என்று கேட்டீர்களே அம்மா, அதற்குப் பதில் என்று ஆரம்பித்து, தட்டு காலியானால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்பதுவரை சொன்னேன். முப்பது தாண்டியவள் சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினேன்.

அம்மா மேலே பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும் அப்பப் பசிக்காது. தூங்கி எந்திரிச்ச ஒடனே யாருக்குச் சோறு எறங்கும்? நீ சாப்பிடுறியேன்னு நானும் சாப்பிட்டேன்."

"அப்புறம் ஏம்மா நிப்பாட்டுனீங்க?"

"நீ நல்லாருக்கணும்னுதான். சாப்பாடு இல்லாட்டியும் நீ வந்து பக்கத்துல படுப்பேன்னு நெனச்சேன். கதவச் சாத்தாமத்தான் படுத்திருப்பேன்."

"நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன்மா."

"தூக்கம் எங்க வந்துச்சு? நீ கதவுகிட்ட வந்து நிப்ப. உன் காலு தெரியும். அப்புறம் போயிருவ."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சு. நீ வந்து சோறு கேட்டுட்டீன்னா, இல்லன்னு சொல்ல என்னால முடியாது. அதான் பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அவ்வளவு பேசியதில் அம்மா களைத்துப் போனார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் வந்த மிஸ்ஸி, எழுப்ப வேண்டாம் என்று எனக்குச் சாடை காட்டிவிட்டுப் போனார்.

நான் அம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"நான் சோறு கேட்டிருக்க மாட்டேன்மா" என்றேன்.